குளம்பைத் தூக்கிப் பார்: ஃபிரீஸ்லாந்து பயணக் குறிப்புகள்

முதல் நாள்: லேவார்டன்

நெதர்லாந்தின் ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. பெட்டியை இழுத்துக்கொண்டு கீழே இறங்கி, வடக்கே ஃபிரீஸ்லாந்து மாகாணத்தின் தலைநகரான லேவார்டன் போகும் ரயிலில் ஏறிவிட்டேன். இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பயணம். வழியில் லேலிஸ்டாட் என்று ஓர் ஊர் வருகிறது. அந்த ஊரைச் சுற்றியுள்ள நிலம் 1957 வரை தண்ணீருக்கு அடியில் கிடந்தது. கரை கட்டி, நீரை இறைத்து வெளியேற்றி, நிலமாக்கியிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல். வயலுக்கு வயல் வேலி கிடையாது, வாய்க்கால்தான் வேலி. ஏப்ரல் பிறந்து சில நாள்களே ஆகியிருந்ததால் மாடுகள் அதிகம் தென்படவில்லை. குளிர்காலம் முழுக்கக் கொட்டகைக்குள் இருந்தவை இனிமேல்தான் வெளியே வரும் என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

லேவார்டனில் நான் முதலில் தேடிப் போனது ஒரு பசுவின் சிலையை. ஆளுயர மேடையில் வெண்கலப் பசு. ஃபிரீசிய மொழியில் அதற்கு ‘உஸ் மெம்’ என்று பெயர். ‘எங்கள் அம்மா’ என்று பொருள். இந்த மாகாணத்து மந்தைப் பதிவுச் சங்கத்தின் 75 ஆண்டு நிறைவை ஒட்டி 1954-ல் நிறுவியிருக்கிறார்கள். பசுவை அம்மா என்று அழைக்கும் வேறொரு மண் இருக்கிறது என்பதை அறிந்தபோது மனம் நெகிழ்ந்துவிட்டது. எங்கள் கட்டுத்தறியில் நிற்கும் கலப்பின மாடுகளுக்கும் இது பாட்டி வீடுதான். இங்கிருந்து கடல் கடந்து அமெரிக்கா போய், அங்கே பெருகி, சினை ஊசி வழியாக நம் ஊருக்கு வந்த வம்சம் அது.

சிலையில்கூட நான் முதலில் பார்த்தது மடியைத்தான். மாடு வாங்கப் போனால் சுழி பார்ப்போம், பல் பிடித்துப் பார்ப்போம், மடியைத் தடவிப் பார்ப்போம். குளம்பைத் தூக்கிப் பார்த்து மாடு வாங்கியவரை நான் கண்டதில்லை. நானும் பார்த்ததில்லை. அதற்கு விலை கொடுத்தவள் பூரணி.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் 14 கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, மூன்றாம் ஈற்றில் நாளுக்கு 19 லிட்டர் கறந்துகொண்டிருந்த பூரணி, கன்று ஈன்ற இரண்டாம் மாதத்தில் வலது பின்னங்காலைச் சரியாக ஊன்றாமல் நின்றாள். ‘சப்பை இறங்கிவிட்டது’, அதாவது இடுப்பு மூட்டு நழுவிவிட்டது என்று ஒருவர் சொன்னார். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சப்பையில் சூடு போட்டோம். அவள் அலறியது இன்னும் காதில் இருக்கிறது. பால் 6 லிட்டருக்கு இறங்கியது, எலும்பு துருத்தியது, கடைசியில் கருங்கல்பாளையம் சந்தைக்கு அனுப்பினோம். மூன்று காலால் தாவித்தான் வண்டி ஏறினாள். அந்த இரண்டு மாதத்தில் ஒரு நாள்கூட அந்தக் காலைத் தூக்கி அடியில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. அதைப் பார்க்கக் கற்றுக்கொள்ளத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்: காத்திருப்பு

வந்த உடனே கொட்டகைக்குள் விடமாட்டார்கள். நம் நாட்டில் கோமாரி இருக்கிறது. அங்கே மாட்டோடு பழகியவன் சில நாள் கழித்தே இங்கே மாட்டை நெருங்கலாம் என்று முன்பே எழுதியிருந்தார்கள். ஊரில் போட்டிருந்த செருப்பைக்கூடக் கொண்டுவர வேண்டாம் என்றார்கள். நியாயம்தான். 2001-ல் இந்த நாட்டில் கோமாரி பரவியபோது இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று நோயை நிறுத்தினார்கள். அந்தக் காட்சியைக் கண்ட தலைமுறை இன்னும் பால் கறந்துகொண்டிருக்கிறது.

ஊரைச் சுற்றினேன். சாய்ந்து நிற்கும் ஓல்டஹோவ கோபுரத்தைப் பார்த்தேன். மற்றபடி அறையில் உட்கார்ந்து படித்தேன்.

நான்காம் நாள்: உயிரற்ற கால்கள்

பயிற்சி தருபவர் 38 ஆண்டுகளாக இதே வேலை செய்யும் பெரியவர். இங்கே குளம்பு சீவுவது தனித் தொழில், ‘கிளவ்பெகாப்பர்’ என்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பண்ணைக்கு வந்து மந்தை முழுவதையும் பார்த்துவிட்டுப் போவது வழக்கம். எங்களில் ஐந்து பேர் கற்க வந்திருந்தோம். மற்ற நால்வரும் உள்ளூர்ப் பண்ணைப் பிள்ளைகள்.

காலையில் ஒன்றரை மணி நேரம் கத்தி தீட்டுவதிலேயே போனது. குளம்புக் கத்தியின் நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும். வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு ஒன்று. மொட்டைக் கத்தி வழுக்கிக்கொண்டு போய் மாட்டையும் வெட்டும், கையையும் வெட்டும் என்று சொல்லிவிட்டு, தீட்டிய கத்தியால் ஒரு தாளைக் கிழித்துக் காட்டச் சொன்னார். என் கத்தி மூன்றாவது முறைதான் தேறியது.

பிறகு ஒரு தொட்டி நிறையக் கால்கள். அறுவைக்கூடத்திலிருந்து வந்தவை. உயிருள்ள மாட்டிடம் போகும் முன் எல்லோரும் இவற்றில்தான் தொடங்க வேண்டும். ஒரு காலை நீளவாக்கில் ரம்பத்தால் இரண்டாகப் பிளந்து மேசைமேல் வைத்தார். என் வாழ்நாள் முழுக்கப் பார்த்த பொருளை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன்.

வெளியே கருத்த கொம்புச் சுவர். கொம்பு என்றால் இங்கே குளம்பின் கெட்டிப் பொருள். அடியில் பாதத்தகடு. இவ்வளவு பெரிய உடம்பைத் தாங்குகிற அந்தத் தகடு நுனியில் அரை சென்டிமீட்டர் கனம்தான் வேண்டும்; அதற்குமேல் தேவையில்லை, அதற்குக் கீழே போகவும் கூடாது. அதை ஒட்டிச் சிவந்த உயிர்த்தசை. அதற்குமேல், மூக்கு நீண்ட ஆப்பு வடிவில் குளம்பெலும்பு. எலும்பின் பின்பகுதிக்குக் கீழே வெளிர் மஞ்சள் நிறத்தில் ஒரு கொழுப்பு மெத்தை. விரலால் அழுத்தினேன், ரப்பர்போல் அமுங்கி எழுந்தது. மாடு இளைத்தால் முதுகில் மட்டும் சதை குறைவதில்லை, இந்த மெத்தையும் மெலிகிறது. கன்று ஈனும் நாள்களில் இடுப்பைத் தளர்த்தும் அதே மாற்றங்கள் குளம்புக்குள் எலும்பைக் கட்டிப் பிடித்திருக்கும் நார்களையும் தளர்த்திவிடுகின்றன. எலும்பு சற்றுக் கீழே இறங்குகிறது. மெத்தையும் மெலிந்திருந்தால் எலும்புக்கும் தகட்டுக்கும் நடுவில் உயிர்த்தசை நசுங்குகிறது. அங்கே கசிந்த ரத்தம் தகடு வளர வளர மெல்லக் கீழே வந்து, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து அடிப்பாதத்தில் சிவப்புக் கறையாகத் தெரியும்.

பூரணி ஈன்ற இரண்டாம் மாதத்தில் காலைத் தூக்கினாள். மேசைமேல் இருந்த காலையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். பெரியவர் என்னவென்று கேட்டார். சூடு போட்ட கதையைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, மாடு நொண்டினால் பத்தில் ஒன்பது முறை காரணம் குளம்பில்தான் இருக்கும், மேலே தேடும் முன் கீழே தேடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

ஐந்தாம் நாள்: நடையைப் பார்ப்பது

இன்று கத்தியைத் தொடவில்லை. கறவைக்கூடத்து வாசலில் நின்று, பால் கொடுத்துவிட்டு வெளியே போகும் மாடுகளின் நடையை எண்ணிட்டுக் குறித்தோம். முதுகு நிற்கும்போதும் நடக்கும்போதும் நேராக இருந்தால் 1. நிற்கும்போது நேர், நடக்கும்போது வளைவு என்றால் 2. இரண்டு நிலையிலும் வளைந்தால் 3. ஒரு காலைத் தாங்கித் தாங்கி வைத்தால் 4. ஊன்றவே மறுத்தால் 5. நம்மில் பலரும் நொண்டி என்று சொல்வது நான்குக்குப் பிறகுதான். 2003-ல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வில், தங்கள் மந்தையில் நூற்றுக்குச் சுமார் 6 மாடுகள் நொண்டுவதாகப் பண்ணைக்காரர்கள் மதிப்பிட்டார்கள். ஆய்வாளர்கள் நடக்கவிட்டுப் பார்த்தபோது 22 இருந்தன. கவனக்குறைவான மனிதர்கள் அல்லர் அவர்கள். வாயில்லா ஜீவன் வலியை மறைத்துக்கொள்கிறது. கூட்டத்தில் பலவீனத்தைக் காட்டினால் ஆபத்து என்பது அதன் ரத்தத்தில் ஊறியது.

எனக்கு உடனே வேறொன்று உறைத்தது. எங்கள் மாடுகள் நடப்பதே இல்லையே! காலை முதல் இரவு வரை முளையில் கட்டியிருக்கிறோம். கட்டிப்போட்ட மாடு நொண்டுவதை யார் பார்ப்பது? பெரியவரிடம் கேட்டேன். அவர் இளமையில் இங்கும் கட்டுக்கொட்டகைகள்தான் இருந்தனவாம். நிற்கும் மாட்டிடம் நான்கு அடையாளங்களைத் தேடச் சொன்னார்: இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு எடையை மாற்றிக்கொண்டே இருக்கும், ஒரு காலை மற்றதைவிட முன்னால் தள்ளி ஓய்வாக வைக்கும், சாணக் கால்வாயின் விளிம்பில் நுனியை ஊன்றி குதிகாலைத் தொங்கவிடும், பக்கவாட்டில் நகர்த்தினால் ஒரு காலில் எடை போடத் தயங்கும். நோட்டில் எழுதிக் கோடிட்டுக்கொண்டேன். இந்தப் பயணத்துக்கு ஆன செலவு இந்த நான்கு வரிகளுக்கே தகும்.

ஆறாம் நாள்: ஏழரை சென்டிமீட்டர்

உயிருள்ள மாடு. நம் கால்நடை மருத்துவமனைகளில் டிராவிஸ் என்பார்களே, அதுபோன்ற இரும்புக் கூண்டு. வயிற்றுக்கு அடியில் அகலப் பட்டை, காலைத் தூக்கக் கயிறும் சுழல்கப்பியும். சிறுவயதில் அந்தியூர்ச் சந்தையில் காளையைக் கயிற்றால் வீழ்த்தி, நான்கு கால்களையும் பிணைத்து லாடம் அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். சினைப் பசுவை அப்படி வீழ்த்த முடியாது. இங்கே மாடு நின்றபடியே அசைபோடுகிறது.

முறை ஐந்து படிகள் கொண்டது. உட்ரெக்ட் பல்கலைக்கழகத்து கால்நடை மருத்துவர் துசான் ராவன் வகுத்தது. இன்று உலகின் பல நாடுகளில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பின்னங்காலில் உள்குளம்பிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் அதுதான் பெரும்பாலும் இயல்பான வடிவில் இருக்கும். முன்சுவரின் நீளம் மேலிருந்து நுனிவரை 7.5 சென்டிமீட்டர். நீண்டிருப்பதைக் கொறடால் வெட்டி, அடியைச் சமமாகச் சீவுகிறோம், குதிகாலைத் தொடுவதில்லை. அடுத்து வெளிக்குளம்பை உள்குளம்பின் அளவுக்குக் கொண்டுவருவது. கடினத் தரையில் நிற்கும் மாட்டுக்கு வெளிக்குளம்பு வேகமாக வளர்ந்து உயர்ந்துவிடும், எடையெல்லாம் அதன்மேல் சாயும், புண்ணும் அங்கேதான் வரும். கத்தியின் பிடியை இரண்டு குளம்புக்கும் குறுக்கே வைத்தால் ஆடாமல் படிய வேண்டும். மூன்றாவது, உள்பக்கம் நடுவில் சற்றுக் குழித்துவிடுவது. எலும்பின் பின்முனை அழுத்துகிற இடம் அது, அங்கே எடை விழக்கூடாது. நான்காவதும் ஐந்தாவதும் புண் இருந்தால் செய்ய வேண்டியவை, அது நாளைக்கு.

ஏழரை என்ற எண்ணைப் பெரியவர் வேதமாகச் சொல்லவில்லை. மாடுகள் இன்று பெருத்துவிட்டன, பெரிய உடம்புக்கு எட்டும் அதற்கு மேலும் விடவேண்டும் என்றார். நம் ஊர்க் கலப்பின மாடு உடம்பில் சிறியது. அதனால் அளவுகோலைவிடக் கட்டைவிரலை நம்புவது நல்லது: சீவச் சீவ அழுத்திப் பார்க்க வேண்டும், தகடு இம்மியளவு அமுங்கினாலும் கத்தியை வைத்துவிட வேண்டும்.

என் இரண்டாவது மாட்டில் அதை மறந்தேன். வெள்ளை நிறக் கொம்பு, வெண்ணெய்போல் வந்தது, இன்னும் ஒரு சீவல் என்று கை போய்விட்டது. முதலில் இளஞ்சிவப்பு தெரிந்தது, அடுத்த கணம் ஒரு துளி ரத்தம். மாடு காலை இழுத்தது. குளம்பு மாதத்துக்கு அரை சென்டிமீட்டர்தான் வளரும். நான் ஒரு நொடியில் எடுத்ததை அந்த மாடு பல வாரம் வளர்த்துத்தான் ஈடுகட்டும். அந்தப் பக்கத்துக்கு எடை போகாமல் இருக்க மற்றக் குளம்பில் கட்டை ஒட்டினார் பெரியவர். அதன் காதணி எண்ணை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஏழாம் நாள்: பூரணியின் புண்

வளைந்த முதுகோடு ஒரு மாடு வந்தது. ஏழு வாரத்துக்கு முன் ஈன்றது. வலது பின்னங்கால். கூண்டில் ஏற்றி, காலைத் தூக்கி, தண்ணீர் பீய்ச்சிச் சாணத்தைக் கழுவினோம். பார்வைக்கு ஒன்றுமே இல்லை. வெளிக்குளம்பு மட்டும் உள்குளம்பைவிட ஒரு விரல்கனம் உயர்ந்திருந்தது.

என்னைச் சீவச் சொன்னார். இரண்டு சீவல். தகட்டின் நடுவுக்குப் பின்னால், உள்விளிம்பை ஒட்டி மிளகளவில் ஒரு கரும்புள்ளி. கத்தி நுனியால் சுற்றியிருந்த கொம்பை மெலிதாக்கினேன். புள்ளி திறந்துகொண்டது. செத்த கொம்பின் நாற்றம், கரிய நீர், அதன் அடியில் கோவைப்பழத் துண்டு போல் சிவந்த தசை துருத்தியது. மாட்டின் தொடை நடுங்கியது. சிவப்பை வெட்டாதே, அது உயிருள்ளது, புதுக்கொம்பு முளைக்க வேண்டிய இடம் அதுதான் என்று தோளைப் பிடித்துச் சொன்னார். சுற்றிலும் ஒட்டாமல் நிற்கும் கொம்பை மட்டும் எடுத்தேன். நோயுள்ள குளம்பின் பின்புற மூன்றில் இரண்டு பங்கைத் தாழ்த்தினேன். பிறகு நலமாக இருக்கும் உள்குளம்பைத் துடைத்து உலர்த்தி, இரண்டு பொருள் கலந்த பசையைத் தடவி ஒரு மரக்கட்டையை ஒட்டினோம். பசை இறுகும்போது சூடாகிறது. உள்ளங்கையில் அந்தச் சூடு தெரிந்தது. கட்டு எதுவும் போடவில்லை. வலிக்கு ஊசி போட கால்நடை மருத்துவர் வந்தார். சீவுவது, கட்டை, மூன்று நாள் வலிமருந்து ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அதிக மாடுகள் குணமாகின்றன என்று நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் காட்டியிருக்கிறார்கள்.

காலை இறக்கினோம். கட்டைமேல் ஏறிய உள்குளம்பு தரையில் பட்டது, புண்பட்ட குளம்பு அந்தரத்தில் நின்றது. மாடு கொஞ்சம் யோசித்தது. பிறகு அந்தக் காலில் எடை போட்டது. நான்கு காலையும் ஊன்றி நடந்து போனது.

மொத்தம் இருபது நிமிடம். பூரணிக்கு இரண்டு மாதம் இருந்தது. கூண்டுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றேன். இரவு அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். “அழாதே கண்ணு, இருக்கிறவர்களைப் பார்” என்றாள்.

எட்டாம் நாள்: தரையும் படுக்கையும்

சீவுவது பாதி வேலை. புண் ஏன் வருகிறது என்று பார்க்காமல் சீவிக்கொண்டே இருப்பதில் பொருளில்லை. மாடு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரமாவது படுக்க வேண்டும். படுத்திருக்கும் நேரம்தான் குளம்புக்கு ஓய்வு. படுக்கை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க எங்களை அதன்மேல் முழங்காலிட்டு விழச் சொன்னார்கள். மணல் படுக்கையில் வலிக்கவில்லை. தேய்ந்த பாயில் விழுந்த இடம் மாலைவரை வலித்தது. எங்கள் சிமெண்ட் தரையை நினைத்தேன். அதில் விழ நான் துணியமாட்டேன். 450 கிலோ உடம்போடு எங்கள் மாடு தினமும் விழுகிறது. அதோடு நம் வெயில் வேறு. சூட்டில் மாடு உடம்பைக் குளிர்விக்க நின்றுகொண்டே இருக்கும். சித்திரையில் நின்ற நிலையின் பலன் ஆனியில் குளம்பில் தெரியும்.

பண்ணையில் ஓரிடத்தில் குளம்புக் குளியல் தொட்டி. மூன்று மீட்டருக்கு மேல் நீளம், பத்து சென்டிமீட்டர் ஆழம். ஒவ்வொரு பின்னங்காலும் இரண்டு முறையாவது முங்கினால்தான் பயன். இது தொற்றுநோய்க்கு. 1974-ல் இத்தாலியில் முதலில் விவரிக்கப்பட்ட, குதிகால் தோலில் ஸ்ட்ராபெர்ரி போல் சிவக்கும் புண்ணை, அதை விவரித்தவர்களில் ஒருவரின் பெயரால் இங்கே ‘மொர்டெல்லாரோ’ என்கிறார்கள். நேற்று நான் திறந்த புண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதைத் தொட்டியில் இறக்கிக் குணப்படுத்த முடியாது. நம் ஊரில் கால் என்றாலே மயில்துத்தத்தை (செம்பு சல்பேட்) கரைத்து ஊற்றிவிடுகிறோம். நூறு லிட்டருக்கு ஐந்து கிலோ என்பது தொட்டிக்கான வழக்கமான அளவு. அந்தத் தண்ணீரை வயலில் கொட்டினால் செம்பு மண்ணிலேயே தங்கிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் நாள்

பக்கத்துப் பண்ணையில் மாடுகளை மேய்ச்சலுக்குத் திறந்துவிட்டார்கள். ஐந்து மாதம் கழித்துப் புல்லை மிதித்த மாடுகள் வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளிக் குதித்தன. குடும்பம் குடும்பமாக வந்து பார்க்கிறார்கள். நான் குளம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்குத் திரும்பிய பதினைந்தாம் நாள்

அங்கே போகும்போது காத்திருந்ததுபோல் வரும்போதும் காத்திருந்தேன். பூட்ஸைக் கழுவி அங்கேயே கொடுத்துவிட்டேன். பிறகு காலைக் கறவை முடிந்ததும் கட்டுத்தறியில் ஒரு முக்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். எதுவும் செய்யவில்லை, பார்த்தேன். 14 பேரில் மூவர் எடையை மாற்றி மாற்றி நின்றார்கள். சிவகாமி கால்வாய் விளிம்பில் குதிகாலைத் தொங்கவிட்டிருந்தாள். இத்தனை நாள் அதை அவளுடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

தம்பியும் வெல்டிங் பட்டறைக்காரரும் சேர்ந்து இரும்புக் குழாயில் ஒரு கூண்டு செய்தார்கள். கால்நடை மருந்தகத்து மருத்துவரை வரச்சொல்லி, அவர் பக்கத்தில் நிற்கச் சிவகாமியின் காலைத் தூக்கினேன். வெளிக்குளம்பு ஒரு சென்டிமீட்டர் உயரம். சீவியபோது அதே இடத்தில், உள்விளிம்பை ஒட்டி, வெற்றிலைச் சாறு தெறித்தது போல் ஒரு சிவப்புக் கறை. புண்ணாகவில்லை. ஒவ்வொரு சீவலுக்கும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். மருத்துவர் அந்தக் கறையைத் தன் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

ரப்பர் பாய் வாங்கினோம். 14-க்கும் முடியவில்லை, இப்போதைக்கு ஆறு. கயிற்றை ஒரு முழம் நீட்டினோம். இரவு பத்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது சிவகாமி பாய்மேல் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்து கோமதி. ஆறு மாதச் சினை. அடுத்த மாதம் பால் வற்றவிடும்போது அவளுடைய நான்கு கால்களையும் பார்க்க வேண்டும்.